நரம்பில் எழுதிய மஞ்சள்

வெண்டை இலை ஒன்றைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மஞ்சள் நரம்புத் தேமல் பிடித்த இலையென்றால், தடித்த நரம்பு தொடங்கி மயிரிழை நரம்புவரை மஞ்சள் ஓடியிருக்கும். நரம்புகள் அடைத்த கட்டங்களில் மட்டும் பச்சை மிஞ்சியிருக்கும். பயிரைக் கெடுக்க வந்த நோய்க்கு இத்தனை நேர்த்தி எதற்கு என்று தோன்றும்.

அந்த நேர்த்திதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. இரும்புச் சத்து குறைந்தாலும் இளம் இலை மஞ்சளாகும். ஆனால் அங்கே நரம்பு பச்சையாக நிற்கும், இடைவெளி வெளுக்கும். இங்கே அப்படியே தலைகீழ். உரக்கடையில் நுண்ணூட்டக் கலவை கேட்கும் முன் இந்த ஒரு வேற்றுமையைக் கவனித்தால் காசு மிச்சம்.

அடுத்து, செடியை லேசாக ஆட்ட வேண்டும். இலையடியிலிருந்து வெள்ளை ஈக்கள் குபீரென்று கிளம்பும். உடல் ஒரு மில்லிமீட்டர்தான். இறக்கையில் விபூதி பூசியதுபோல் மெழுகுத்தூள். சாறு ஓடும் குழாயைத் தேடி ஊசிவாயை இறக்கி உறிஞ்சும்போது இந்த நோயைத் தரும் வைரஸும் உள்ளே போகிறது. குடற்சுவரைக் கடந்து, உடல்நீரில் மிதந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, அடுத்த செடியில் எச்சிலோடு இறங்குகிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த வைரஸ், ஒட்டிப் பிறந்த இரட்டையாகத் தெரியும். நீளம் சுமார் 30 நானோமீட்டர். அந்த ஈயின் உடல் நீளத்துக்குள் முப்பதாயிரத்துக்கும் மேல் வரிசையாக நிறுத்தலாம்.

இதைவிடச் சுவையான நுணுக்கம் மதுரையில் வெளிப்பட்டது. காமராசர் பல்கலைக்கழகத்தின் ஜோஸ், உஷா இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. வைரஸின் டிஎன்ஏவை மட்டும் வெண்டைக்குள் செலுத்தினால் இலை லேசாகச் சுருளுகிறது, அவ்வளவுதான். வைரஸோடு ஒட்டித் திரியும் துணைக்கோள் டிஎன்ஏ ஒன்றையும் சேர்த்துச் செலுத்தினால்தான் நரம்பெல்லாம் மஞ்சளாகிறது. வைரஸ் டிஎன்ஏவின் நீளத்தில் அது ஏறத்தாழப் பாதி. தன்னந்தனியாகப் பெருகக்கூட அதற்குத் திராணியில்லை. ஆனாலும் நோய்க்குப் பெயர் வாங்கித் தந்த மஞ்சளுக்கு அந்த ஒண்டிக்குடித்தனக்காரனின் துணை வேண்டியிருக்கிறது!

காய் வெளுத்து, சிறுத்து, நாரேறிய பிறகு நோயைச் சொல்ல யாராலும் முடியும். சிறு நரம்புகள் தெளியத் தொடங்கும் நாளிலேயே கண்டு சொல்வதுதான் கைதேர்ந்த கண்ணுக்கு அழகு. அன்றே செடியைப் பிடுங்கி அழித்தால், அதிலிருந்து அடுத்த ஈ நோயைச் சுமந்து போகாது.