'பார்த்தா நல்லாத்தானே இருக்கே?': படப் புத்தகமும் கண்ணுக்குத் தெரியாத நோயும்

1

லுட்விக் பெமல்மன்ஸ் எழுதி வரைந்த 'மாடலின்' 1939ல் வெளிவந்தது. பாரிசில் ஒரு விடுதி, பன்னிரண்டு சிறுமிகள். அவர்களில் ஆகச் சின்னவளுக்கு நள்ளிரவில் குடல்வால் அழற்சி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்கிறார்கள். பார்க்கப்போன மற்ற சிறுமிகளுக்கு அவளுடைய அப்பா அனுப்பியிருந்த பொம்மைகளும் மிட்டாயும் ஆச்சரியம்தான். அதைவிடப் பெரிய ஆச்சரியம் அவள் காட்டிய தையல் வடு. அன்றிரவே தங்களுக்கும் குடல்வாலை எடுத்துவிடச் சொல்லி எல்லோரும் அழுகிறார்கள்.

குழந்தைகளுக்கான நோய்க் கதையாடலின் இலக்கணம் முழுக்க இதில் இருக்கிறது. நோய் உடலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பொருள். மருத்துவம் அதை வெளியே எடுத்துவிடும். எடுத்ததற்கு அடையாளமாக ஒரு குறி மிஞ்சும், அந்தக் குறிக்கு மரியாதை கிடைக்கும். 1966ல் மார்கரெட் ரேயும் எச். ஏ. ரேயும் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ஒத்துழைப்போடு உருவாக்கிய குரங்கு ஜார்ஜின் ஆஸ்பத்திரிக் கதையும் இப்படித்தான். ஜார்ஜ் விழுங்கிய புதிர்ப்படத் துண்டு எக்ஸ்ரேயில் தெரிகிறது. அதை எடுத்துவிடுகிறார்கள். கடைசியில் புதிரில் குறைந்த துண்டு பொருந்துகிறது. படம் நிறைவதும் கதை முடிவதும் குரங்கு குணமாவதும் ஒன்றாகவே நடக்கின்றன.

வெளியே எடுக்க எதுவுமில்லாத நோய்களை என்ன செய்வது? முதல் வகை நீரிழிவு, லூபஸ், வலிப்பு, ஓயாத உடல்வலி, மனச்சோர்வு. இவற்றில் வடு இல்லை, கட்டு இல்லை, முடிவும் இல்லை. இந்த நோயாளியைப் பார்த்து நம் ஊரில் எல்லோரும் சொல்கிற வாக்கியம் ஒன்றுதான்: "பார்த்தா நல்லாத்தானே இருக்கே?" பாராட்டு மாதிரித் தொடங்கி விசாரணையாக முடிகிற வாக்கியம் இது. பார்வைக்குப் புலப்படாத வலியைப் பொய் என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரத்தை அது பார்ப்பவன் கையில் கொடுத்துவிடுகிறது. பார்வையையே ஆதாரமாகக் கொண்ட படப் புத்தகம் இந்த இடத்தில் என்ன செய்ய முடியும் என்பதுதான் நம் கேள்வி.

2

'குழந்தைக்குப் புரியவைப்பது' என்ற சொல்லாடலே கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. புரியாதவர் குழந்தை, புரிந்தவர் பெரியவர் என்று அது முன்கூட்டியே பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளோடு அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் வார்டில் இருந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் மைரா ப்ளூபாண்ட்-லாங்னர், 1978ல் வெளியிட்ட நூலில் இதைத் தலைகீழாக்கினார். யாரும் சொல்லாமலேயே அந்தக் குழந்தைகள் தங்கள் நோயின் பெயரை, மருந்துகளின் வேலையை, கடைசியில் தங்கள் மரணத்தைக்கூட அறிந்திருந்தார்கள். அறிந்திருப்பதைப் பெற்றோரிடமிருந்து மறைத்தார்கள். பெற்றோர் நொந்துபோவார்கள் என்பதால். பெரியவர்கள் குழந்தையைக் காப்பாற்ற மௌனம் காக்கிறார்கள், குழந்தை பெரியவர்களைக் காப்பாற்ற மௌனம் காக்கிறது. இரண்டு தரப்பும் சேர்ந்து நடிக்கிற நாடகம்.

ஆனால் குழந்தைகளுக்கு எல்லாம் தெரியும் என்று நாம் கவிதை பாடிவிடவும் கூடாது. தவறு செய்தால் உலகமே தண்டிக்கும் என்று சிறு குழந்தைகள் நம்புவதை 1932லேயே பியாஜே எழுதிவிட்டார். நோயைத் தண்டனையாக வாசிக்கும் மனம் அது. நம் ஊரிலோ அதற்கு மொழியே துணைபோகிறது. முதல் வகை நீரிழிவு, உடலின் எதிர்ப்புச் சக்தி கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே அழித்துவிடுவதால் வருவது. இனிப்புச் சாப்பிட்டதால் வருவதில்லை. ஆனால் நாம் அதை 'சர்க்கரை' என்கிறோம், 'சுகர்' என்கிறோம். பெயரிலேயே குற்றப்பத்திரிகை இருக்கிறது. "மிட்டாய் நிறையத் தின்னியா?" என்று வீட்டுக்கு வருபவர்கள் கேட்கும்போது, குழந்தை ஏற்கனவே தனக்குத்தானே எழுதிவைத்திருக்கும் தீர்ப்பில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

3

இந்த இடத்தில் விளக்கப் புத்தகங்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. 2011ல் டிஸ்னியும் இன்சுலின் தயாரிக்கும் எலை லில்லி நிறுவனமும் சேர்ந்து கோகோ என்ற பெண் குரங்கை உருவாக்கின. மிக்கி மவுசின் கூட்டத்தில் முதல் வகை நீரிழிவோடு ஒரு பாத்திரம். கூஃபியின் பிறந்தநாள் விருந்து, அதனிடையே நோயைக் கவனித்துக்கொள்ளும் கோகோ. டாக்டர்கள் வழியாகக் குடும்பங்களுக்குக் கிடைத்த புத்தகம் அது. 'என்னை மாதிரி ஒருத்தி புத்தகத்தில் இருக்கிறாள்' என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஒரு பிரதியை அதன் மௌனங்களிலிருந்தும் வாசிக்க வேண்டும். கோகோவின் உலகில் இன்சுலினுக்கு விலை கிடையாது. அதே நிறுவனத்தின் ஹ்யூமலாக், 1990களின் இறுதியில் குப்பி சுமார் 21 டாலராக இருந்து அடுத்த இருபது ஆண்டுகளில் சுமார் 275 டாலருக்கு ஏறியது. 70 விழுக்காடு குறைப்பதாக நிறுவனம் அறிவித்தது 2023ல். குழந்தைக் கதையில் மருந்தின் விலையை எழுதச் சொல்கிறாயா என்று கேட்கலாம். வீட்டில் மாசக் கடைசியில் அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது எதைப் பற்றி என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும் என்பதுதான் என் பதில்.

என் தங்கை மகளுக்கு ஒன்பது வயதில் இந்த நோய். பள்ளிக்கூடத்தில் கேட்டால் வயித்து வலின்னு சொல்லு என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு இடம் அமைய வேண்டுமே என்கிற பயம். உறவுக்காரர் கொண்டுவந்த கோகோ புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். படங்களை ரசித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "மாமா, இது எல்லார்கிட்டயும் சொல்லுதே, அதோட அம்மா திட்டமாட்டாங்களா?"

நோயைப் பற்றி அந்தப் புத்தகம் சொன்னது எதுவும் தவறில்லை. அவளுடைய நோயில் பாதி ரத்தத்தில் இருந்தது, மீதிப் பாதி மறைப்பதில் இருந்தது. அந்த மீதிப் பாதிக்கு அங்கே பக்கம் இல்லை.

4

லூபஸ் நோயாளியான கிறிஸ்டின் மிசராண்டினோ 2003ல் எழுதிய கரண்டிக் கணக்கு பலருக்குத் தெரிந்திருக்கும். உணவகத்தில் மேசைகளிலிருந்து கரண்டிகளைப் பொறுக்கி, பன்னிரண்டைத் தோழியின் கையில் கொடுத்து, குளிக்க ஒன்று, உடுத்த ஒன்று என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வருகிறார். நோயை உருவகமாக்காதீர்கள் என்று 1978ல் சூசன் சாண்டாக் வாதிட்டது நியாயமானதே. ஆனால் அவர் எதிர்த்தது நோயாளியின் மேல் சமூகம் சுமத்திய உருவகங்களை. இது நோயாளியே கையிலெடுத்த உருவகம். காணமுடியாத களைப்பு இதில் எண்ணக்கூடியதாகிறது, வரையக்கூடியதும் ஆகிறது. இதன் போதாமை வேறு இடத்தில். இது வரவுசெலவுக் கணக்காக மட்டும் நின்றுவிட்டால், 'அம்மாவுக்குக் கரண்டி தீர்ந்துபோனது நான் விளையாடக் கூப்பிட்டதாலா?' என்று ஒரு குழந்தை கேட்கும். தண்டனை வாசிப்பு பின்வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்துவிடுகிறது.

படப் புத்தகத்துக்கு மட்டுமே சாத்தியமான வழி வேறொன்று இருக்கிறது. மைக்கேல் ரோசன் எழுதி க்வெண்டின் ப்ளேக் வரைந்த 'சோகப் புத்தகம்' (2004) மகனை இழந்த ஒரு தகப்பனைப் பற்றியது, நோயைப் பற்றியது அல்ல. ஆனால் அதன் தொடக்கத்தைப் பாருங்கள். படத்தில் ஒரு மனிதன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். எழுத்தோ, அவன் துயரத்தில் இருக்கிறான், சிரிப்பதாக நடிக்கிறான் என்கிறது. படமும் எழுத்தும் ஒன்றையொன்று மறுக்கின்றன. அந்த இடைவெளியில்தான் கண்ணுக்குத் தெரியாதது தெரியவருகிறது. கணையத்தின் வண்ணப்படம் போட்டு விளக்குவதைவிட இது ஆழமான பாடம். பார்ப்பது போதாது, சொல்வதையும் நம்பவேண்டும் என்று குழந்தையின் கண்ணுக்கே கற்றுக்கொடுக்கிறது. "நல்லாத்தானே இருக்கே" என்ற வாக்கியத்துக்கு நான் பார்த்தவரை இதைவிட நல்ல பதில் இல்லை.

5

ப்ளூபாண்ட்-லாங்னர் இன்னொன்றையும் பதிவுசெய்திருக்கிறார். அந்த வார்டில் குழந்தைகளுக்கு மிகப் பிடித்த புத்தகம் இ. பி. ஒயிட்டின் 'சார்லட்டின் வலை' (1952). நோயைப் பற்றிய புத்தகம் அல்ல. ஒரு பன்றிக்குட்டி, அதைக் காப்பாற்றும் ஒரு சிலந்தி. மரணத்தை நெருங்கிய குழந்தைகள் அதிலிருந்து படிக்கச் சொன்னது சந்தோஷமான அத்தியாயங்களை அல்ல, சார்லட் சாகிற அத்தியாயத்தை.

அங்கே சார்லட்டின் களைப்புக்கு மருத்துவ விளக்கம் கிடையாது. நான் திரும்பி வரப்போவதில்லை என்று அவள் நண்பனிடம் சொல்லிவிடுகிறாள். அவன் அழுகிறான். பிறகு அவளுடைய முட்டைப் பையை வாயில் கவ்விக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறான். தெரிந்துகொண்டவனுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. நடிப்பு அங்கே முடிகிறது.

தமிழில் இப்படிப் புத்தகம் எழுதப்போகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். நோயைச் சரியாக விளக்குங்கள், அது வேண்டும். அதோடு, யாரிடம் சொல்லக்கூடாது என்று வீட்டில் சொல்லித்தந்திருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த அம்மாவை வில்லியாக்காமல் எழுதுங்கள், அவளும் பயந்துபோனவள்தான். என் தங்கை மகளுக்கு இப்போது பன்னிரண்டு. வகுப்பில் ஒரே ஒரு தோழியிடம் சொல்லியிருக்கிறாள். ஊசி போடும்போது கழிப்பறைக் கதவுக்கு வெளியே அந்தத் தோழி காவலுக்கு நிற்கிறாளாம். அந்தக் கதவை யாராவது வரைந்தால் நன்றாக இருக்கும்.