பட்சபாதமற்ற ஒரு மடக்குக் கத்தி

நான் இடக்கைப் பழக்கமுள்ளவன். உண்பதும், தீர்த்தமும் பிரசாதமும் பெற்றுக்கொள்வதும், பிறர் கையில் ஒரு பொருளைக் கொடுப்பதும் வலக்கையால்தான் ஆக வேண்டும் என்று சிறு பிராயத்திலேயே வீட்டுப் பெரியவர்கள் பழக்கிவிட்டார்கள். அதைக் குறித்து எனக்கு இன்றளவும் வருத்தம் கிடையாது. ஆனால் எழுதுகோலையும் கத்தியையும் மட்டும் என் இடக்கை எக்காலத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் ஒருவனுக்குச் சிறு கத்தி ஒன்று கைவசம் இருப்பது எத்தனை உபகாரமான காரியம் என்பதை இவ்வூர் வாழ்க்கையை அறிந்தவர்கள் அறிவார்கள். துளசி மாலை கட்ட நனைத்து வைத்த வாழைநாரை வகிர வேண்டும். காந்தி மார்க்கெட்டில் வாங்கிவந்த இலைக்கட்டைப் பிரித்து நுனியிலை வேறு, ஏடு வேறாக நறுக்க வேண்டும். ஆடிப் பதினெட்டன்று அம்மாமண்டபம் படித்துறையில் குடும்பத்தோடு உட்கார்ந்தால் மாங்காயும் கொய்யாவும் அரிய வேண்டும். இவ்வளவுக்கும் ஏற்றதாய், அலகு மெலிந்ததாய், விலை எளியதாய், எல்லாவற்றுக்கும் மேலாக இடக்கைக்கு இணங்குவதாய் ஒரு மடக்குக் கத்தியைத் தேடி, ஓராண்டுக் காலம் நான் செய்த பரீட்சைகளின் விளைவையே இங்கு எழுதுகிறேன்.

மடக்குக் கத்தி மேல்நாட்டார் நமக்குத் தந்த புதுமை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் ஓலையில் எழுதிய காலத்தில் நம்மவர் கையாண்ட எழுத்தாணிகளில், குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி என்பவற்றோடு மடக்கெழுத்தாணி என்ற ஒரு வகையும் இருந்தது. ஒரு புறம் எழுதும் ஊசியும் மறுபுறம் ஓலை வாரும் கத்தியுமாக, இரண்டையும் பிடிக்குள்ளேயே மடக்கி வைத்துக்கொள்ளும்படி அதை அமைத்திருந்தார்கள். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடஞ்சொன்ன நாட்கள் ஓலையும் எழுத்தாணியும் வழங்கிய நாட்கள். ஏடு எழுதுவோர் இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறை வடிவாக ஒரு வெட்டு வைத்து, அந்த வெட்டில் எழுத்தாணியைப் பொருத்தி வலக்கையால் எழுதுவது வழக்கம். தாங்குவது இடக்கை, செலுத்துவது வலக்கை என்ற இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம், அக்காலத்து மாணாக்கர்களில் என்னைப் போன்ற ஒரு பிள்ளை எவ்வளவு சிரமப்பட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றும். இன்றும் மடக்குக் கத்தி செய்பவன் தன் மனக்கண்ணில் காண்பது வலக்கைக்காரன் ஒருவனையே.

முதலில் நான் வாங்கியது, பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளத்துக்கொண்டிருந்த மலிவான கத்தி. அலகை விரித்தவுடன் பிடியின் உள்ளிருந்து ஒரு மெல்லிய தகடு நகர்ந்துவந்து, அலகின் அடியில் முட்டி நின்று, அது மடங்காதபடி தாங்கிக்கொள்ளும். மடக்க வேண்டுமானால் அத்தகட்டைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். வலக்கையில் பிடிப்பவனுக்குப் பெருவிரல் தானாகவே அத்தகட்டின்மேல் வந்து உட்காரும். இடக்கையில் பிடித்தாலோ பெருவிரல் எதிர்ப்புறம் போய்விடுகிறது. ஆள்காட்டி விரலை வளைத்து உள்ளே நுழைத்தால்தான் தகடு நகரும். அந்த விரலோ அலகு மடங்கிவரும் பாதையிலேயே நிற்கிறது. ஒருநாள் இலைக்கட்டை அறுத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்ட அவசரத்தில் மடக்கினேன். ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் ஆழமாக வெட்டியது. காயம் ஆறும்வரை எழுதவும் முடியாமல் இருந்தேன். அன்று முதல் எந்தக் கத்தியைக் கையில் எடுத்தாலும் அதன் பூட்டைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

இடக்கைக்கும் வலக்கைக்கும் பேதம் காட்டாத பூட்டுகள் இல்லாமல் இல்லை. பிடியின் முதுகில் அழுத்தினால் விடுபடும் முதுகுப் பூட்டு அவற்றுள் ஒன்று. 1964-இல் அமெரிக்காவின் பக் கம்பெனி வெளியிட்ட 110 என்னும் கத்தி அதை உலகெங்கும் பிரசித்தமாக்கியது. முதுகு நடுவில் இருப்பதால் எந்தக் கையின் பெருவிரலும் அதை எட்டும். ஆனால் அந்த வகைக் கத்திகள் அநேகமாக வேட்டைக்காரர்களை உத்தேசித்துச் செய்யப்பட்டவை, கனமானவை, அலகும் தடித்தவை. நமக்கு வேண்டியது அதுவன்று.

மெல்லிய அலகில் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று நண்பர்கள் கேட்டதுண்டு. கூர்மையும் மெலிவும் வெவ்வேறு குணங்கள். கத்தியின் வாய் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அதற்குப் பின்னால் வருகிற அலகு தடித்திருந்தால், அது பாதி வழியில் ஆப்பாக மாறிவிடுகிறது. காரட்டை அறுக்கும்போது கடைசியில் 'படக்' என்று பிளந்துகொள்வதும், செங்காயான கொய்யா வில்லை வில்லையாக வராமல் துண்டாக உடைவதும் இதனால்தான். மெல்லிய அலகு பொருளைப் பிளப்பதில்லை, ஊடுருவிச் செல்கிறது. வாழைநாரை நூல்போல வகிர்வதற்கும், வெற்றிலையின் காம்பைக் கிள்ளாமல் அரிவதற்கும் அதுவே தகும். இடக்கைக்காரனுக்கு வேறொரு காரணமும் உண்டு. சில கத்திகளில் வாயின் சரிவை ஒரே பக்கத்தில் தீட்டியிருப்பார்கள். அரம்போலப் பல் வைத்த கத்திகளில் இது சாதாரணம். வலக்கைக்கு நேராகச் செல்லும் அத்தகைய வாய், இடக்கையில் பிடித்தால் கோணலாக ஓடும். இரு பக்கமும் சமமாகச் சரிந்த மெல்லிய வாய்க்கு அந்தத் தோஷம் இல்லை. இங்கே நம் அரிவாள்மணையை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை: அதில் கத்தி அசையாமல் நிற்க, காய்கறிதான் இரு கைகளாலும் செலுத்தப்படுகிறது, இடம், வலம் என்ற பிரச்னையே அங்கு எழுவதில்லை. கத்தரிக்கோலோ நேர்மாறு, சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்து அழுத்தினால், இரு அலகுகளும் ஒன்றையொன்று விட்டு விலகி, துணியை வெட்டாமல் மடித்துக்கொள்ளும்.

இரண்டாவதாகப் பரீட்சித்தது ஸ்விட்ஸர்லாந்தின் விக்டோரினாக்ஸ் சிறு கத்தி. கார்ல் எல்ஸனர் 1884-இல் தொடங்கிய தொழிற்கூடத்திலிருந்து வருவது. நேர்த்தியிலோ உழைப்பிலோ குறை சொல்ல இடமில்லாதது. அதன் அலகு மெல்லியது. பூட்டு கிடையாது, உள்வில்லின் அழுத்தத்தால் நிற்கும் என்பதால் மடக்குவதற்கு எந்தக் கையும் சரி. விரிப்பதில்தான் பேதம் வருகிறது. அலகை இழுப்பதற்காக அதில் வெட்டியுள்ள நகக்குழி வலக்கைப் பெருவிரலுக்கு எதிரே இருக்கும்படி அமைந்தது. பிடியை வலக்கையில் வைத்துக்கொண்டு இடக்கையால் இழுக்கப் போனால் குழி அப்புறம் மறைந்துகொள்கிறது. அலகின் பெரும்பகுதி பிடிக்குள் புதைந்திருப்பதால் வேறெங்கும் பற்றவும் இடமில்லை. கடிதம் பிரிக்கவும் நூல் அறுக்கவும் போதும் என்பவர்கள் அதைத் தாராளமாக வாங்கலாம்.

மூன்றாவது கத்தியோடு என் தேடல் நின்றுவிட்டது. பிரான்ஸ் தேசத்து ஸவாய் மலைப்பகுதியில், வெட்டுக் கருவிகள் செய்யும் குடும்பத்தில் பிறந்த ஜோஸப் ஒபினெல் என்ற இளைஞர் 1890-இல் உருவாக்கிய குடியானவர் கத்தி அது. மரப்பிடியும் அலகும் ஓர் ஆணியும் வளையமும் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அளவுக்கேற்ப எண்கள் இட்டு விற்கிறார்கள். நான் வாங்கியது எட்டாம் எண். அலகு 8.5 சென்டிமீட்டர், மடக்கினால் 11 சென்டிமீட்டர், நிறை ஐம்பது கிராமுக்கும் குறைவு. சட்டைப் பையில் ஒரு பேனாவைப் போலக் கிடக்கிறது. அலகு முதுகிலேயே மெலிந்து, வாயை நோக்கி வரவர இன்னும் மெலிந்துகொண்டே போகிறது. அலகில் கிரீடம் சூடிய கை ஒன்றின் முத்திரை.

இதிலும் நகக்குழி வலக்கைப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மடக்கிய நிலையிலும் அலகின் முதுகு பிடிக்கு வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருப்பதால், குழியை நாட வேண்டிய அவசியமே இல்லை. இடக்கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அலகை இரு புறமும் பற்றி இழுத்தால் விரிந்துவிடுகிறது. விரித்தபின், பிடியின் கழுத்தில் உள்ள உலோக வளையத்தைச் சற்றுத் திருப்ப வேண்டும். வளையத்தின் பிளவு விலகியதும் அலகு மடங்க வழியில்லாமல் நின்றுவிடுகிறது. 1955-இல் சேர்க்கப்பட்ட இந்த வளையம் கழுத்தைச் சுற்றி உருளுவதால், எந்தக் கையின் விரலுக்கும் ஒன்றுபோலவே பணிகிறது. மடக்கும்போது ஒரு விரலும் அலகின் பாதையில் நிற்பதில்லை. 2000-க்குப் பின் வந்தவற்றில், மடக்கிய நிலையிலும் இதே வளையத்தால் பூட்டிவைக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் இது பெரிய சௌகரியம். இடக்கைக்காரர்களுக்கென்றே நகக்குழியை மறுபுறம் மாற்றிய எட்டாம் எண் ஒன்றையும் ஒபினெல் கம்பெனி செய்கிறது. கிடைத்தால் நல்லது, அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பது இயற்கை. ஐப்பசி மழையில், இருபுறமும் ஆறு ஓடும் இந்த ஸ்ரீரங்கத் தீவில், எந்த மரப்பிடியும் சிறிது இறுகத்தான் செய்யும். அலகு இறுகிக்கொண்டால் ஸவாய் மலைவாசிகள் ஓர் உபாயம் செய்வார்கள்: பிடியின் அடிப்பக்கத்தை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால், அலகு தானே சற்று வெளியே எழும். நகக்குழியால் வஞ்சிக்கப்பட்ட இடக்கைக்காரனுக்கு இதைவிட நல்ல உபாயம் வேறில்லை. பிடியில் ஆளிவிதை எண்ணெயைத் தடவி ஊறவிட்டு உலர்த்தினால் ஈரம் ஏறுவது குறையும்.

அலகு இரண்டு தினுசில் கிடைக்கிறது. கரிமம் மிகுந்த எஃகு விரைவில் கூர் பெறும். ஆனால் வாழைக் கறையும் மாங்காய்ப் புளிப்பும் பட்டவுடன் கறுத்துப்போகும், ஈரத்தோடு மடக்கினால் துருவும் ஏறும். நம் ஊர் உபயோகத்துக்குத் துருப்பிடிக்காத எஃகே ஏற்றது. கூர் மழுங்கினால் தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொறி பறக்கும் சூட்டில் மெல்லிய அலகின் பதம் கெட்டுவிடும். நுண்ணிய தட்டைச் சாணைக்கல்லை நனைத்து, இருபுறமும் எண்ணிக்கை தவறாமல் சமமாகத் தேய்த்தால் போதும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் உரியவை நீங்கலாக, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுள்ள கத்திகளையே ஆயுதமாகக் கொள்கின்றன; நமது கத்தி நாலு அங்குலத்தையும் எட்டாது. ஆயினும் கோயிலுக்குப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போவதும், விமானப் பிரயாணத்தில் கைப்பையில் வைக்காமல் ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைப்பதும் அவசியம்.

என்னுடையதைத் தபாலில்தான் தருவித்தேன். ஜரிகைக் கரையிட்ட நல்ல வேஷ்டி ஒன்றின் விலைக்குள் அடங்கியது. இடக்கைப் பழக்கமுள்ள வாசகர்கள் எட்டாம் எண்ணைத் துருப்பிடிக்காத எஃகு அலகோடு வாங்கலாம். உள்ளங்கை சிறியவர்களுக்கு, அலகு அரை சென்டிமீட்டர் குறைந்த ஏழாம் எண் பொருந்தும். வேறு எந்தக் கத்தியைக் கடையில் பார்த்தாலும், விலை கேட்பதற்கு முன்னால் அதை இடக்கையில் வாங்கி, ஒருமுறை விரித்து, ஒருமுறை மெதுவாக மடக்கிப் பாருங்கள்.