கையறுநிலையும் பாடவேறுபாடும்: சுப்பீரியர் ஏரிப் பாடல் ஒன்றை முன்வைத்து

இறந்தோரை எண்ணி எஞ்சியோர் செயலற்று வருந்துவதைக் கையறுநிலை என்று நம் புறப்பொருள் மரபு வகுத்துள்ளது. அத்தகைய பாடலைப் புனைந்த கவிஞர், எஞ்சியோருக்கு எந்த அளவு கடமைப்பட்டவர்? கனடியப் பாடகர் கோர்டன் லைட்ஃபுட் 1976இல் வெளியிட்ட ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு’ கப்பலைப் பற்றிய பாடல் இவ்வினாவை எழுப்புகிறது.

சுப்பீரியர் ஏரி, பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரியாகும். கோடையின் வெப்பத்தை இன்னும் இழக்காத நீர்ப்பரப்பின் மீது வடதிசைக் குளிர்காற்று மோதும் நவம்பர் மாதத்தில் அங்குக் கடலையொத்த புயல்கள் எழுகின்றன. 1975 நவம்பர் 10ஆம் நாள் இரவு, ஏறத்தாழ 26,000 டன் இரும்புத்தாது உருண்டைகளை ஏற்றிச் சென்ற 729 அடி நீளக் கப்பல் அத்தகைய புயலில் மூழ்கியது. அதிலிருந்த 29 பேரும் மாண்டனர். எவருடைய உடலும் மீட்கப்படவில்லை.

1977இல் வெளிவந்த அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் அறிக்கை, சரக்கறை மூடிகள் நீர்புகாவண்ணம் அடைக்கப்படாமையே காரணமாகலாம் எனக் கருதியது. கப்பல் நிறுவனங்களின் சங்கம் இதனை மறுத்து, கப்பல் ஆழமற்ற பாறைத்திட்டில் உரசியிருக்கக்கூடும் என்றது. லைட்ஃபுட்டின் பாடலோ, மூடி உடைந்ததை நடந்த செய்தியாகவே அமைத்துவிட்டது. உயிர்தப்பியோர் எவருமில்லாத நிகழ்வில், இக்கற்பனைக் கூற்று, இறந்தோர் மீது குற்றஞ்சாட்டும் சாட்சியமாகிவிடுகிறது. மூடிகளைக் காக்கும் பொறுப்பிலிருந்த மாலுமிகளின் உறவினர்க்கு இது ஆறாத வடுவாயிற்று.

2010இல் மாற்றுக் கருத்தொன்றை முன்வைத்த ஆவணப்படத்தை அறிந்தபின், மேடைகளில் அவ்வடியை லைட்ஃபுட் மாற்றிப் பாடினார். மூடி உடைந்த செய்தி நீங்கி, இருள் சூழ்ந்த செய்தி அவ்விடத்தில் அமர்ந்தது. ஏடெழுதுவோரின் பிழையால் தோன்றும் பாடவேறுபாட்டை நாம் நன்கறிவோம். இதுவோ ஆசிரியரின் மனச்சான்றினால் தோன்றிய பாடவேறுபாடு. படைப்பு வெளிவந்தபின் அது தன்னிறைவுடையது, ஆசிரியர் அதனைத் திருத்துதல் தகாது என்போர் இதனை ஏற்கமாட்டார். எனினும் திருந்திய அடியே கலைநோக்கிலும் உயர்ந்தது எனத் துணியலாம். எஞ்சியோர் உண்மையில் அறிந்தது இருளை மட்டுமே.

கப்பல் கிளீவ்லாந்துக்குச் சென்றதாகப் பாடல் கூறுவதும் பிழையே. அது டெட்ராய்ட்டை அடுத்த சக் தீவுக்குச் சென்றுகொண்டிருந்தது. இப்பிழை எவரையும் புண்படுத்தாது. புனைவுரிமை எங்கு முடிகிறது என்பதை இவ்விரு பிழைகளுக்கும் இடையிலான வேறுபாடு காட்டுகிறது. 1976ஆம் ஆண்டின் ஒலிப்பதிவு மாறாதிருப்பதால், வகுப்பறையில் இரு பாடங்களையும் ஒருசேர வைத்துக் கற்பித்தலே முறை.

2023 மே மாதம் லைட்ஃபுட் மறைந்தபோது, டெட்ராய்ட் மாலுமியர் தேவாலய மணி 30 முறை ஒலித்தது: கப்பலோடு மாண்டவர்க்கு 29, பாடியவர்க்கு ஒன்று. பாடியவரும் பாடப்பட்டோரோடு ஒருங்கு எண்ணப்பட்டார். கையறுநிலை பாடியவர்க்கு இதனினும் உயர்ந்த மதிப்பீடு வேறில்லை.