சுசீலா ராமனின் நெய்தல்

எலியட் ஸ்மித் என்ற அமெரிக்கப் பாடகருக்கு பீட்டில்ஸ் மீது தீராத மோகம். காதோடு முணுமுணுக்கும் குரல், ஒரு கிட்டார், நிறைய தனிமை. 1998இல் அவருடைய பாடலொன்று ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2003இல், 34 வயதில் இறந்துபோனார். அந்தச் சோகம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் வரிவரியாகத் தேடுகிறார்கள். தேடட்டும், நல்ல பாடகர்தான். என் கேள்வி வேறு. அதே காலத்தில், அதே கிட்டார் மரபுக்குள் நின்று துயரம் பாடிய ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அந்தத் தேடல் ஏன் வாய்க்கவில்லை?

சுசீலா ராமன் 1973இல் லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வளர்ந்தது ஆஸ்திரேலியாவில். சிறுவயதில் கர்நாடக சங்கீதம், பதின்வயதில் ராக் இசைக்குழு. கிட்டார் கலைஞர் சாம் மில்ஸுடன் இணைந்து 2001இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு 'சால்ட் ரெயின்', பிரிட்டனின் மெர்க்குரி பரிசுப் பட்டியலில் இடம்பெற்றது. பரிசு பி.ஜே. ஹார்விக்குப் போனது. அவரும் பெண்தான். எனவே பெண் என்பதால் ஒதுக்கினார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. மறு ஆண்டு பிபிசி ரேடியோ 3 சுசீலாவுக்குத் தந்தது 'உலக இசை' விருது. சிக்கல் அந்தப் பெயர்ப்பலகையில்தான் இருக்கிறது. அதன் கீழே வந்து நிற்கும் பெண்ணின் துயரம் அவளுடையதாக இருப்பதில்லை. மரபு பாடுகிறது, அவள் வெறும் வாய் என்றாகிவிடுகிறது. நம்மவர்கள் மட்டும் என்ன செய்தோம்? உச்சரிப்பைத் திருத்தினோம்.

அத்தொகுப்பில் தியாகராஜரின் 'நகுமோமு' இருக்கிறது. கச்சேரி மேடையில் ஆபேரியின் அழகைக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கும் உருப்படி. ஆனால் அதன் சாகித்யம் ஒரு முறையீடு: உன் சிரித்த முகம் காணாத என் தவிப்பை அறிந்தும் வரக்கூடாதா? சுசீலா ராகத்தின் அழகைக் காட்டவில்லை, முறையிடுகிறார். வேறு சில பாடல்களில் தபேலாவும் தாளக்கட்டும் "இது இந்தியா" என்று கூவி விற்பதுபோல் எனக்குப் படுகிறது. இந்தப் பாடலில் அது இல்லை.

இன்னும் முக்கியமானது 'சாங் டு தி சைரன்'. லாரி பெக்கெட் எழுத, டிம் பக்லி இசையமைத்துப் பாடியது, 1970 தொகுப்பில் வந்தது. பாடி மயக்கி மாலுமிகளைப் பாறையில் மோதவைக்கும் கிரேக்கத் தொன்மத்தின் கடற்பெண்தான் சைரன். பாட்டில் பேசுவது கப்பலிழந்த ஆண். அவளிடம் மன்றாடுகிறான், அவளே தன்னை அழைத்ததாகவும் சொல்கிறான். அவள் தரப்பை யாரும் கேட்டதில்லை. ஒரு பெண் அதே சொற்களைப் பாடும்போது கரையில் நின்று அழைப்பது யார், உடைந்து கிடப்பது யார் என்று குழம்பிப்போகிறது. எலிசபெத் ஃப்ரேசர் 1983இல் அதைப் பாடியபோதே இது நடந்தது. சுசீலாவின் தாழ்ந்த குரலில் எனக்குக் கேட்பது பழிக்கப்பட்டவளின் களைப்பு.

நமக்கு இது புதிதல்ல. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறையும் பாடியவர் அம்மூவனார் என்ற ஆண். கழிக்கரையில் நின்று வருந்தும் பெண்ணுக்கு அவர்தான் சொல் கொடுக்கிறார். அழகான சொற்கள்தாம். ஆனாலும் கொடுக்கப்பட்ட சொற்கள்.

அந்த நெய்தலின் மிச்சம் இன்றும் மரக்காணத்தில் இருக்கிறது, உப்பளமாக. 'சால்ட் ரெயின்' என்றால் 'உப்பு மழை' என்று வகுப்பில் சொன்னேன். உப்பளத்துக் குடும்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "மழ பேஞ்சா உப்பு ஏது மேடம்?" என்றாள். பாத்தியில் விளைந்தது ஒரே மழையில் கரைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை உப்பு வார வேலையில்லை, கூலியும் இல்லை. மழையைக் காதலாகவே பாடிப் பழகிய நம் சினிமாவுக்கு இந்த மழை தெரியாது. ஆங்கிலத்தில் கேட்பவருக்கு அந்தத் தலைப்பு கண்ணீரை நினைவூட்டலாம். அவளுக்கு அது நான்கு மாத வறுமை.

அவள் வீட்டுப் பெண்கள் பாடும் ஒப்பாரியைப் பதிவுசெய்துவரச் சொன்னேன். பாடியவர்களின் பெயர்களையும் கட்டாயம் எழுதிவரச் சொன்னேன். ஊர்ப்பெயரை மட்டும் போட்டு, பாடியவள் பெயரை விட்டுவிட்டு 'நாட்டார் பாடல்' என்று அச்சிட்ட தொகுப்புகள் எங்கள் துறை அலமாரியிலேயே இருக்கின்றன.