தலைவிரித்துப் பாடும் உரிமை: சுசீலா ராமனின் இசையை முன்வைத்து

சுசீலா என்றதும் தமிழர் காதில் முதலில் ஒலிப்பது பி. சுசீலாவின் குரல்தான். பிசிறில்லாத, பெண்மை என்றால் இதுதான் என்று நமக்குப் பழக்கப்படுத்திய குரல் அது. அதே பெயருடைய இன்னொரு பாடகியைப் பற்றிப் பெண்ணியவாதிகள்கூட அதிகம் பேசியதில்லை. சுசீலா ராமனின் குரல் தாழ்ந்தது, கரகரப்பானது. மூச்சு வாங்குவதை அது ஒளிப்பதில்லை.

1973இல் லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தது. வீட்டில் கர்நாடக இசைப் பயிற்சி, வெளியே ராக், சோல், ப்ளூஸ். சிட்னியில் சொந்தக் குழு அமைத்துப் பாடியவர், 1990களில் இந்தியா வந்து ஸ்ருதி சடோலிக்கரிடம் இந்துஸ்தானி கற்றார். பிறகு லண்டன் திரும்பி, கிதார் கலைஞர் சாம் மில்ஸுடன் உருவாக்கிய முதல் தொகுப்பு 'சால்ட் ரெய்ன்' 2001இல் வெளியாகி, பிரிட்டனின் மெர்குரி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

அத்தொகுப்பில் தியாகராஜரும் தீட்சிதரும் இருக்கிறார்கள். அவர் எழுதிய ஆங்கிலப் பாடல்களும் இருக்கின்றன. இதைக் 'கலப்பிசை' என்று சொல்லி ஒதுக்குவது எளிது. மேற்குலகக் கடைகளோ 'உலக இசை' என்ற ஒரே தட்டில் வைத்துவிட்டன. வெள்ளைக்காரர் கிதார் எடுத்தால் ராக், நாம் எடுத்தால் உலக இசை! இரண்டு பெயர்களும் ஒரு கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கின்றன: கீர்த்தனையைப் பாடும் பெண்ணின் உடல் எங்கே போனது?

கச்சேரி மேடை இருபதாம் நூற்றாண்டில் ஒரு பேரத்தின் மேல் எழுந்தது. தேவதாசி மரபில் பாடலும் ஆடலும் உடலும் ஒன்றாக இருந்தன. அந்த மரபுப் பெண்கள் விலக்கப்பட்டு, 'குடும்பப் பெண்கள்' மேடையேறியபோது அடக்கம் இலக்கணமானது. பட்டுப்புடவை, அசையாத தோள், தாளம் போட மட்டும் ஒரு கை. ஏக்கத்தைப் பாடலாம், ஏங்குபவளாகத் தெரியக்கூடாது. இந்த ஒப்பந்தத்தைத்தான் சுசீலா ராமன் முறிக்கிறார். ஆண் பக்தர் எழுதிய ஏக்கம் அவர் வாயில் ஒரு பெண்ணின் தாகமாகிறது. 2003இல் வந்த 'லவ் ட்ராப்' தொகுப்பில், 'யஹூதி' (1958) படத்துக்காக முகேஷ் பாடிய காதல் பாட்டை எடுத்துக்கொண்டதும் இதே துணிவில்தான். பித்துப் பிடித்தவன் பாட்டு பித்துப் பிடித்தவள் பாட்டானது.

2011இல் வெளியான 'வேல்' இதன் உச்சம். முருகன் பாடல்களை அவர் கச்சேரி வழியாக அல்லாமல், காவடியின் வேகத்தோடு அணுகுகிறார். மேடையில் தலையைச் சுழற்றுகிறார், முடி பறக்கிறது, குரல் உடைகிறது. அறந்தாங்கியைச் சுற்றிய ஊர்களில் வாழ்பவர்களுக்கு இந்த உடல் அந்நியமல்ல. பால்குடம் எடுக்கும் பெண்ணுக்கு அருள் வரும்போது நாம் பார்ப்பது இதைத்தான்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். லண்டன் மேடையில் தலைவிரித்தால் அது கலை. நம் தெருவில் மாரியம்மன் முன்னால் ஒரு கூலிக்காரப் பெண் தலைவிரித்தால் மூடநம்பிக்கை அல்லது மனநோய். கர்நாடக இசை வீட்டிலேயே கிடைப்பது எல்லாப் பெண்ணுக்கும் வாய்க்கிற சொத்தல்ல. தன் மேடையில் பாடகி தெரிந்தெடுக்கும் கட்டின்மையும், ஆண்டுக்கு ஒருநாள் தெய்வத்தின் பெயரால் மட்டும் பெண்ணுக்கு அனுமதிக்கப்படும் கட்டின்மையும் ஒன்றல்ல. சுசீலா ராமனைக் கொண்டாடும் விமர்சனம் இந்த வேறுபாட்டையும் சேர்த்தே பேசவேண்டும்.

இன்னொன்று. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கீர்த்தனைகள் ஆண்கள் எழுதியவை. பக்கத்திலிருக்கும் ஆவுடையார்கோயிலோடு பிணைந்த மாணிக்கவாசகர், திருவெம்பாவையில் பெண்குரலை எடுத்துக்கொண்டார். நாம் அதைப் பக்தியின் சிகரம் என்று பாடம் நடத்துகிறோம். ஆண் பெண்ணாகிப் பாடினால் சிகரம். பெண் தன் குரலிலேயே பாடினால் ஒழுங்கீனமா? சுசீலா ராமன் அந்த ஆண் வரிகளுக்குள் தன் உடலைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அது பெரிய காரியம். ஆனால் பாதி வழிதான்.

அவர் ஓரிடத்தில் தங்கவில்லை. 2014இன் 'குவீன் பிட்வீன்' தொகுப்பில் பாகிஸ்தானின் கவ்வாலிக் கலைஞர்களோடும் ராஜஸ்தானி இசைஞர்களோடும் பாடினார். 2018இன் 'கோஸ்ட் கேமலான்' ஜாவாவின் வெண்கல மணியோசைக்குள் போனது. வெற்றி பெற்ற சூத்திரத்தைத் திருப்பிச் செய்து பிழைக்காத தன்மை அவருடைய சுதந்திரத்துக்கு நல்ல சான்று. திரையிசையின் நிழலிலேயே பாடகியை அளக்கும் நமக்கு இது பழக்கமில்லாத வாழ்க்கை.

மீதிப் பாதி வழி நம்முடையது. பக்தியின் துணையில்லாமல், படத்தின் கதாநாயகன் இல்லாமல், தன் ஆசையையும் கோபத்தையும் தமிழில் தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிதாரோ பறையோ கையில் எடுத்துப் பாடும் பெண்ணுக்கு நம் ஊர்களில் மேடை எங்கே இருக்கிறது? கோயில் திருவிழாவில் இசைக்கச்சேரிக்கு ஒதுக்கும் இரவுகளில் ஒன்றை அவளுக்குத் தர எந்த விழாக்குழு முன்வரும்? என் மாணவிகளில் பாட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறார்கள். அந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் படிக்கவாவது நாம் தொடங்க வேண்டும்.