மறைக்கல்வியும் மனச்சான்றும்

கோடியக்கரைக்குக் கிழக்கிலும் தெற்கிலும் கடல், மேற்கே சதுப்பு. ஊர்ப் பிள்ளை கல்வி தேடிப் புறப்பட்டால் வடக்கு நோக்கித்தான் நடக்கவேண்டும். அவ்வழியில் முதலில் எதிர்ப்படுவது வேதாரணியம். திருமறைக்காடு என்பது அதன் பழம்பெயர். மறைகள் பூசித்துப் பூட்டிச் சென்ற கதவை நாவுக்கரசர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்று புராணிகர் இன்றும் உருகிச் சொல்லும் ஊர். இன்னும் வடக்கே வேளாங்கண்ணி. 1962-இல் இருபத்துமூன்றாம் அருளப்பர் என்னும் போப்பாண்டவர் பேராலயப் பட்டம் சூட்டிய மாதா கோயில். அதற்கும் வடக்கே நாகை. 1844-இல் ஏசு சபைக் குருமார் சூசையப்பர் கல்லூரியைத் தொடங்கிய ஊர். 1883-இல் அக்கல்லூரி திருச்சிக்குக் குடிபெயர்ந்தது.

ஒரே கரையில் இரண்டு மறைகள். ஒன்று ஆரியத்தின் மறை, மற்றொன்று உரோமாபுரியின் மறை. நம் தமிழ்ச் சொல்லின் குறும்பைப் பாருங்கள், தோழர்களே! மறை என்றால் வேதம். மறை என்றால் ஒளித்து வை என்றும் பொருள். கத்தோலிக்கப் பள்ளிகளில் சமயப் பாடத்திற்கு இட்டிருக்கும் பெயர் மறைக்கல்வி! அப்பெயரை இட்ட புலவர் யாரோ, உண்மையை மறைக்கத் தெரியாதவர்.

இதைப் பற்றி எழுதப் புகுந்தாலே சிலர் நெற்றியைச் சுருக்குவர். "அக்கிரகாரம் கதவடைத்த நாளில் நம்மவர்க்கு அரிச்சுவடி காட்டியது பாதிரியார் பள்ளி அல்லவா? அதைப் போய்த் தாக்கலாமா?" என்பர். காட்டியது, நாம் மறக்கவில்லை. நன்றியுணர்வு நெஞ்சில் இருக்கவேண்டிய பொருள். அதை எடுத்து நம் வாய்க்குப் பூட்டாகப் போடச் சொன்னால் ஒப்பமாட்டோம்.

நாம் திறனாய எடுத்துக்கொண்டது ஓர் அறிவுரை ஏடு. 2024 ஏப்ரலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கல்வி, பண்பாட்டு அலுவலகம் தன் பள்ளிகளுக்கு நெறிமுறைகள் வகுத்து அனுப்பியது. பிற சமய மாணவர்மீது கிறித்தவ மரபுகளைத் திணிக்காதீர். அரசியல் சட்டத்தின் முகவுரையைப் பள்ளி வாயிலில் எழுதி வைப்பதோடு காலைக் கூட்டத்தில் மாணவரை வாசிக்கச் செய்வீர். எல்லாச் சமயத்தாரும் அமர்ந்து வேண்டுதற்குப் பொது அறை ஒன்று அமைப்பீர் என்பன அதன் தலையாய கருத்துகள். எந்தச் சூழ்நிலையில் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். அதே ஆண்டு பிப்ரவரியில் அசாமில், பள்ளிகளிலிருந்து சிலுவையையும் மாதா உருவத்தையும் அகற்று, குருமாரும் கன்னியரும் தங்கள் அங்கியைக் களைந்துவிட்டு வா என்று இந்துத்துவக் கூட்டம் கெடு விதித்தது. மிரட்டலின் நிழலில் பிறந்த ஏடு அது. சிலுவையை இறக்கிவிட்டு அந்த ஆணியிலேயே சரசுவதி படத்தை மாட்டத் துடிப்பவர்களுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர்கள் கேட்பது ஆணி. நாம் கேட்பது பிள்ளையின் உரிமை.

முகவுரை வாசிப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் 'பிற சமய மாணவர்மீது திணிக்காதீர்' என்னும் தொடரைச் சற்று நிறுத்திப் படியுங்கள். பிற சமயத்தார்மீது கூடாது என்றால், சொந்தச் சமயத்தார்மீது கூடுமா? கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தது ஒன்றே குற்றமாக, ஒரு பிள்ளை விடியற்காலைப் பூசைக்கும் மாலைச் செபமாலைக்கும் கேள்வியின்றி நிற்கவேண்டியதுதானா? எந்தச் சமயமும் வேண்டாம் என்ற வீட்டுப் பிள்ளை, நம் இயக்கத் தோழரின் பிள்ளை, எந்தக் கணக்கில் வரும்? எல்லாச் சமயத்துக்குமான அறையிலே எச்சமயமும் இல்லாதவனுக்கு இடம் எது? அறைக்கு வெளியே உள்ள தாழ்வாரமா?

கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்க்கு இந்தக் காட்சி பழக்கமானது. மணி அடிக்கும், வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு. ஏனையோர் நன்னெறி வகுப்புக்கு. எவரும் இதைத் தவறாக நினைப்பதில்லை. திணிக்காமல் விட்டார்களே என்று மகிழ்வோரும் உண்டு. ஆனால் அந்தப் பிரிவினை பிள்ளையின் உள்ளத்தில் எழுதும் பாடம் என்ன? நன்னெறி என்பது சமயம் கிடைக்காதவனுக்கு வழங்கும் மாற்றுச் சோறு! தஞ்சைத் தரணிப் பிள்ளை, வள்ளுவர் பிறந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளை, அறம் என்பது வேதத்துக்கு அடுத்தபடிதான் என்று பத்து வயதில் கற்றுக்கொள்கிறான். பொய் சொல்லாதே, பிறர் பொருளைத் திருடாதே, உன்னோடு உண்பவனைச் சாதி கேளாதே என்பவற்றைக் கற்க ஞானத்தீக்கை பெற்றவனுக்கு ஓர் அறை, பெறாதவனுக்கு ஓர் அறை ஏன்? அந்த ஒரு மணி நேரமாவது எல்லாரையும் ஒரே பலகையில் உட்கார வைத்தால் எந்த வானம் இடிந்து விழும்?

உரோமாபுரியின் சொந்த ஏடுகளையே புரட்டுவோம். 1929-இல் பதினோராம் பத்திநாதர் கல்வி குறித்துச் சுற்றுமடல் விடுத்தார். பள்ளியின் பாடம், நூல், ஆசிரியர் அனைத்திலும் கிறித்தவ உணர்வே நிலவவேண்டும், திருச்சபையின் கண் அனைத்தின்மேலும் இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். சமயச் சார்பற்ற பள்ளியும், ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதும் அதற்கு ஆகாதவை. 36 ஆண்டுகள் கழிந்தன. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இரண்டு அறிக்கைகள் வெளியிட்டது. ஒன்று கிறித்தவக் கல்வி பற்றியது, மற்றொன்று சமய உரிமை பற்றியது. முன்னது, அறநெறிகளை நேர்மையான மனச்சான்றோடு எடைபோட்டு ஏற்பது இளைஞரின் உரிமை என்கிறது. பின்னது, பெற்றோரின் நம்பிக்கைக்கு ஒவ்வாத பாடங்களுக்குப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவது உரிமைப் பறிப்பு என்கிறது. என்றும் மாறாத உண்மையின் காவலர் 36 ஆண்டுகளில் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள். நடந்ததற்காக நாம் நகைக்கவில்லை. இன்னும் இரண்டடி நடக்கச் சொல்கிறோம். எடைபோடும் உரிமை உண்டு என்றால், எடைபோட்டுப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் அதில் அடக்கம். தராசைக் கையில் கொடுத்துவிட்டு முள்ளைப் பிடித்துக்கொள்வது வணிகத்திலே கூடக் குற்றம்.

தமிழகக் கடற்கரையில் இந்தக் கதை எப்படித் தொடங்கிற்று என்று நம் இளைஞர் அறிந்துகொள்வது நல்லது. 1540-களில் முத்துக்குளித்துறையில் பிரான்சிசு சவேரியார் மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். தமிழில் செபங்களை மனப்பாடம் செய்வித்தார். வீட்டிலோ ஊரிலோ பழைய தெய்வ வழிபாடு நடந்தால் அப்பிள்ளைகளே ஓடிவந்து சொல்வதையும், பிள்ளைப் படையோடு தாம் சென்று அவ்வுருவங்களை உடைக்கச் செய்ததையும் ஐரோப்பாவிலிருந்த தம் சபையினர்க்கு அவரே களிப்போடு எழுதினார். "பிள்ளையாரை உடைத்த நீங்களா இதைப் பேசுவது?" என்று கேட்கத் தோன்றும். கேட்கட்டும். 1953-இல் பெரியார் உடைத்தது காசு கொடுத்து வாங்கிய களிமண் பொம்மை. நாள் குறித்து, ஊரறிய அறிவித்து, வளர்ந்தவர்கள் வளர்ந்தவர்களுக்கு முன் செய்த செயல். பெற்ற தாய் கும்பிட்ட கல்லைப் பிள்ளையை ஏவி உடைப்பது வேறு. தாயோடு பிள்ளை வாதிடட்டும். வாதிடும் வயதும் அறிவும் வரட்டும். ஒற்றனாக்கப்பட்ட பிள்ளை சிந்திக்கக் கற்றுக்கொள்வதில்லை. ஆண்டவரை மாற்றிக்கொள்ளக் கற்கிறான், அடிமைப் புத்தியை அல்ல.

இனி ஆன்ம குருவின் பணிக்கு வருவோம். பூசை வைப்பது, பாவசங்கீர்த்தனம் கேட்பது, ஆண்டுக்கொரு முறை ஞானவொடுக்கம் நடத்துவது, துயருற்ற மாணவனுக்கு ஆறுதல் கூறுவது ஆகியவை அவர் பொறுப்பு. கடைசியாகச் சொன்ன பணி உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. வீட்டைப் பிரிந்து விடுதியில் அழும் பிள்ளைக்குத் தோள் கொடுப்பவர் எந்த உடை உடுத்தால் என்ன? ஏசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த ஞானப் பயிற்சிகளில் ஆன்ம சோதனை என்று ஒன்று உண்டு. அன்றன்று செய்ததை அன்றன்றே எண்ணிப் பார்ப்பது. நல்ல பழக்கந்தான், கடவுளை எடுத்துவிட்டாலும் நிற்கக்கூடிய பழக்கம். நம் தோழர்களும் கைக்கொள்ளலாம்.

ஆனால் எண்ணிக்கை என்றதும் நமக்கு அதே சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் நினைவுக்கு வருகிறார். பரமார்த்த குருவின் கதையில் குருவும் சீடரும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் எல்லாரும் வந்தோமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிடுகிறான். ஆள் ஒன்று குறைகிறது. ஆறு விழுங்கிவிட்டதென்று ஒப்பாரி. சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும் பகுதி. எழுதியவர் தம் சபைக்கே கண்ணாடி பிடித்தாரோ என்று ஐயுறத் தோன்றுகிறது. பிள்ளையின் பொய், பிள்ளையின் சோம்பல், பிள்ளையின் கெட்ட எண்ணம் ஆகிய அத்தனையையும் எண்ணச் சொல்லும் திருச்சபை, தன்னை எண்ணிக்கொண்டதா?

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு கோயில் எழுந்தது. பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் கூடம் இரண்டு. ஒரு கூடத்தில் வேளாளர், மறு கூடத்தில் நாடார் முதலானோர். நடுவில் சுவர்! 1910-இல்தான் அது இடிபட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணத்தையும் சாதி பார்த்துப் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். 'எல்லாரும் ஒரே தந்தையின் பிள்ளைகள்' என்று மறைக்கல்வி படித்துவிட்டு அந்தச் சுவரைக் கடந்து வீட்டுக்குப் போன பிள்ளை, அன்றிரவு ஆன்ம சோதனையில் யார் பாவத்தை எண்ணியிருக்கும்? 2016-இல் ஆயர் பேரவை தாழ்த்தப்பட்டோர் மேம்பாட்டுக்கெனக் கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை உண்டென்று ஒப்புக்கொண்டது. ஒப்புதலைப் பாராட்டுகிறோம். பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புதல் ஒரு படி. பரிகாரம் அதற்கு அடுத்த படி என்று மறைக்கல்விப் புத்தகமே சொல்கிறது.

அதே வடக்கன்குளத்துக்கு 1940-களில் ஒரு குரு ஆசிரியப் பணிக்கு வந்தார். பன்மொழி கற்றவர், ஆனால் தாய்மொழியில் போதிய புலமை இல்லை என்பதை உணர்ந்து, அங்கே ஒரு பண்டிதரிடம் மாணவனாய் அமர்ந்து தமிழ் கற்றார். அவர்தாம் தனிநாயக அடிகள். 1964-இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றவர். பள்ளிக் குரு ஒருவர் தம்மையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டால் நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டாம்.

பாதிரிமாரை மட்டும் விரட்டுகிறோம் என்று எவரும் கருதவேண்டாம். 1924, 1925-இல் சேரன்மாதேவி குருகுலத்தில், வ.வே.சு. ஐயரின் கண்ணெதிரே, பார்ப்பனப் பிள்ளைக்குத் தனிச்சோறு போட்டதை எதிர்த்துப் பெரியார் எழுப்பிய புயலில் வளர்ந்தவர்கள் நாம். குருகுலமாயினும் குருமடமாயினும் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே. பிள்ளையின் சோறும் படிப்பும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர் கையிலேயே அவன் உள்ளத்தையும் ஒப்படைக்கலாமா?

கூடாது என்கிறது யார் தெரியுமா? கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமே! 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 985-ஆம் விதி, கல்வி நிலையத் தலைவர் தம்மோடு ஒரே இல்லத்தில் தங்கும் மாணவரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலாகாது என்கிறது. மாணவரே தாமாக விரும்பிக் கேட்டால் மட்டும் விலக்கு. எவ்வளவு கூர்மையான அறிவு! தண்டிக்கும் கை வேறு, நெஞ்சைத் திறக்கச் சொல்லும் காது வேறாக இருக்கவேண்டும் என்று கண்டுகொண்டவர்கள், அந்த அறிவைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியோடு நிறுத்திக்கொண்டது ஏன்? வேதாரணியம் உப்பளத்தில் வேலை செய்யும் தாய் ஒருத்தி தன் மகனை விடுதியில் சேர்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சோறு போடுபவர், மதிப்பெண் போடுபவர், மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவர் ஆகியோர் ஒரே இல்லத்துக் குருமார். அவர்களில் ஒருவர் "பூசைக்கு வருவது உன் விருப்பம், தம்பி" என்று எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும், அந்தப் பையன் காதில் அது விருப்பமாக விழுமா?

அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தெளிவாகப் பேசுகிறது. அரசு ஏற்பு அல்லது அரசு உதவி பெற்ற எந்தப் பள்ளியிலும் மாணவனை அவன் இசைவின்றி, சிறுவனாயின் காப்பாளர் இசைவின்றி, சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ வரச் சொல்லலாகாது. சிறுபான்மையோர் பள்ளி நடத்தும் உரிமை 30-ஆம் பிரிவில் இருக்கிறது. அதைக் காப்பதில் நாம் எவர்க்கும் பின்வாங்கியவர்கள் அல்லர். இரண்டு பிரிவும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. தமிழகத்தில் உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்க்கு ஊதியம் தருவது அரசின் கருவூலம். அந்தக் கருவூலத்தில் உப்பளத் தாயின் காசும் சேர்ந்திருக்கிறது.

ஆதலால் ஆயர் பேரவையின் கல்வி அலுவலகத்துக்கு நாம் வைக்கும் வேண்டுகோள்: 2024 ஏட்டில் மூன்று வரிகள் கூட்டுங்கள். சேர்க்கைப் படிவத்தில், சமயப் போதனைக்கும் வழிபாட்டுக்கும் இசைவு உண்டா இல்லையா என்று கத்தோலிக்கப் பெற்றோர் உட்பட எல்லாரையும் தனித்துக் கேளுங்கள். மேல்நிலை வகுப்புக்கு வந்துவிட்ட மாணவனாயின் அவனையும் கேளுங்கள். ஆன்ம குருவாக இருப்பவர் விடுதிப் பொறுப்பையும் தேர்வுப் பொறுப்பையும் ஏற்கக்கூடாது என்று எழுதுங்கள். நன்னெறி வகுப்பை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக்குங்கள்.

நாகை, வேதாரணியம் வட்டாரத்து மாணவத் தோழர்கள் இதற்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. தத்தம் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். இசைவு கேட்கும் வரி அதில் உண்டா, இருந்தால் பெற்றோர் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டனரா என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள். இல்லாத பள்ளிகளைக் குறித்து மாவட்டக் கல்வி அலுவலர்க்கு அனுப்பவேண்டிய முறையீட்டை அடுத்த இதழில் வெளியிடுவோம்.