தாளத்தை எடுத்துவிட்ட பிறகு

முதல் தடவை போன் ஸ்பீக்கரில்தான் கேட்டேன். யாரோ ஒருத்தர் தொண்டைக்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தார். இதற்கா இவ்வளவு பேச்சு என்று மூடிவிட்டேன். தப்பு என்மேல்தான். கோட்9, ஸ்பேஸ்ஏப் இருவரும் 2006இல் ஹைப்பர்டப் வழியாக வெளியிட்ட 'மெமரீஸ் ஆஃப் த ஃபியூச்சர்' ஆல்பத்தில் பாதி இசை, போன் ஸ்பீக்கருக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. பிறகு நண்பன் அறையில் சப்வூஃபரோடு கேட்டபோது அந்தப் பாதி நெஞ்சுக்கூட்டில் வந்து உட்கார்ந்தது.

'சைன்' என்ற ஒரு டிராக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிரின்ஸ் 1987இல் பாடிய 'சைன் ஓ த டைம்ஸ்' பாட்டின் மறுவடிவம் இது. 2004இல் ஹைப்பர்டப்பின் முதல் இசைத்தட்டாக வந்ததும் இந்த மறுவடிவம்தான். பிரின்ஸின் பாட்டு ஒரு செய்தித்தாள் மாதிரி: எய்ட்ஸ், போதை, கும்பல் வன்முறை, வானில் வெடித்த விண்கலம். ஆனாலும் அதற்கு ஆட முடியும். கோட்9 டிரம்ஸையே எடுத்துவிடுகிறார். மெட்டும் போய்விடுகிறது. மிஞ்சுவது அடியில் ஓடும் பேஸும் ஸ்பேஸ்ஏப்பின் கனத்த குரலும் மட்டுமே. 'அறிகுறி' என்று பொருள்படும் சொல், உச்சரிப்பு மாறாமல் 'சைன்' அலையாகிவிட்டது. கெட்ட செய்தியை ஒருவர் அவசரமே இல்லாமல் சொல்லும்போது ஒரு பயம் வருமே, அதுதான் இங்கே நடக்கிறது.

லிண்டன் க்வெசி ஜான்சனின் டப் கவிதைகள் கூட்டத்தைப் பார்த்துப் பேசுபவை. ஸ்பேஸ்ஏப் அந்த மரபில் வந்தவர் என்றாலும் ஒரே ஒரு காதுக்குத்தான் பேசுகிறார். பல வரிகள் முதல் முறை பிடிபடவே இல்லை. (நம் கவியரங்கங்களில் கைத்தட்டலுக்காக ஒரே வரியை இரண்டு தடவை சொல்வோமே, அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு.) உண்மையைச் சொன்னால், தாளில் எழுதிப் பார்த்தால் சில வரிகள் சுமாரான அறிவியல் புனைவுக் கவிதைகள்தான். கவிதையைத் தாளில் வைத்தே எடைபோட்டுப் பழகிய எனக்கு இது சங்கடமாக இருந்தது. அந்தக் குரலில் அதே வரிகள் பேஸின் உயரத்துக்கே இறங்கி, இன்னொரு கருவியாகிவிடுகின்றன. அர்த்தம் பின்னால் மெதுவாக வந்து சேர்கிறது.

குறை இல்லாமல் இல்லை. 14 டிராக்குகளும் ஏறக்குறைய ஒரே இருட்டு, நடுவில் சலிக்கிறது. குரோசாவாவின் 'செவன் சாமுராய்' பட இசையை எடுத்தாளும் '9 சாமுராய்' வந்துதான் காப்பாற்றுகிறது.

ஸ்பேஸ்ஏப் 2014இல் புற்றுநோயால் இறந்துவிட்டார். அதனால் இதில் அசரீரி தேடுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் நன்றாக வாழ்ந்து, வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துப் பேசிய குரல் இது. 'சைன்' முடிந்ததும் எழுந்து விளக்கைப் போட்டேன், அவ்வளவுதான்.